அத்தியாயம் 6: அரை மணி நேரம் எங்கே தொடங்குகிறது?

ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். ஏ ஷிப்ட் காலை 6 மணிக்கு. சாப்பாட்டு பெல் 10 மணிக்கு அடிக்கிறது. கையுறை, ஏப்ரன், காதடைப்பான் எல்லாம் கழற்ற ஒரு நிமிடம். லைனிலிருந்து கேண்டீனுக்கு நடக்க 5 நிமிடம். மஞ்சள் கோட்டுக்குள்தான் நடக்க வேண்டும், ஓடினால் சேஃப்டி ஆபீசர் பிடித்துக்கொள்வார். கையில் ஒட்டிய கிரீஸ் போக 3 நிமிடம். கார்டு தட்டி, தட்டு எடுத்து, வரிசை நகர 5 நிமிடம். ஆக 14 நிமிடம் போயிற்று, இன்னும் ஒரு வாய் உள்ளே போகவில்லை. 10.30க்கு கன்வேயர் ஓடத் தொடங்கும்போது ஆள் ஸ்டேஷனில் நிற்க வேண்டும். திரும்ப நடக்க 5, மாட்டிக்கொள்ள 2. முப்பதில் இருபத்தொன்று கழிந்தால் மிச்சம் 9 நிமிடம். நடுவே பாத்ரூம் போனால் அதுவும் இல்லை.

கம்பெனியின் பதிவேட்டில் இந்தத் தொழிலாளிக்கு அரை மணி நேர இடைவேளை முழுசாகக் கொடுத்தாயிற்று. அவர் வயிற்றுக்கு அது தெரியாது.

இடைவேளைச் சண்டையில் தொழிலாளர்கள் அடிக்கடி தோற்பது இந்த இடத்தில்தான். "பிரேக் கொடுப்பதில்லை" என்று புகார் எழுதுவார்கள். நிர்வாகம் நோட்டீஸ் போர்டைக் காட்டும். ஆய்வாளர் தலையாட்டிவிட்டுப் போவார். இங்கே உண்மையான பிரச்சினை அரை மணி கிடைக்கிறதா என்பதல்ல, கடிகாரம் எந்த இடத்தில் ஓடத் தொடங்குகிறது என்பது. அந்த விடையைச் சட்டத்தில் தேடிப் பயனில்லை. அது எழுதப்படவேண்டிய இடம் ஒப்பந்தம்.

சட்டம் கொடுப்பது எவ்வளவு

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இந்த விஷயத்தில் சுருக்கமாகவே பேசுகிறது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் யாரும் வேலை செய்யக்கூடாது. அதற்குள் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு இடைவேளை வேண்டும் என்கிறது 55ஆம் பிரிவு. இடைவேளையும் சேர்த்து ஒரு நாளின் மொத்த வேலைப் பரப்பு பத்தரை மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்கிறது 56ஆம் பிரிவு. இரண்டுக்கும் அரசோ தலைமை ஆய்வாளரோ விலக்கு தர வழி இருக்கிறது. அப்படி விலக்கு வாங்கியிருப்பதாக நிர்வாகம் சொன்னால், ஆணையின் நகலைக் கேட்க வேண்டும். வேலை நேரமும் இடைவேளையும் குறித்த அறிவிப்பைத் தொழிலாளர் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்பது 61ஆம் பிரிவு.

டீ பிரேக் என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் இல்லை. காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம் என்று பழகிப்போன டீ நேரம் ஒப்பந்தத்தாலோ வழக்கத்தாலோ வந்தது. அதனால்தான் அதைக் குறைப்பது நிர்வாகத்துக்கு எளிது.

பாத்ரூம் விஷயம் வேறு. அதற்கு "பிரேக்" என்று தனியாக நேரம் ஒதுக்கவில்லை என்பதைப் பலர் சட்டத்தின் குறையாக நினைக்கிறார்கள். 19ஆம் பிரிவைப் படித்தால் நினைப்பு மாறும். கழிப்பறை வசதியாக அமைந்த இடத்தில் இருக்க வேண்டும், தொழிற்சாலையில் இருக்கும் நேரம் முழுக்கத் தொழிலாளர் எப்போது வேண்டுமானாலும் போகக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது அது. எப்போது வேண்டுமானாலும் என்றால் டீ டைமில் மட்டும் என்று பொருள் இல்லை. ஆனால் லைனில் நடப்பது இது:

"சார், ஒரு நிமிஷம் பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன்."

"டீ டைம்ல போயிருக்கலாம்ல? ரிலீவர் இன்னொரு லைன்ல இருக்கான். வரட்டும், இரும்மா."

ரிலீவர், அதாவது அவர் இடத்தில் மாற்றாக நிற்பவர், வர அரை மணி ஆகும். அடுத்த நாள் அந்தப் பெண் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வாள். சூப்பர்வைசர் கெட்டவர் என்று இதைச் சொல்லவில்லை. இரண்டு லைனுக்கு ஒரு ரிலீவர் என்று ஆள் கணக்குப் போட்டவர் மேலே ஏசி அறையில் இருக்கிறார். சூப்பர்வைசரின் தலையில் டார்கெட் மட்டும் இருக்கிறது.

இன்னும் சில பிரிவுகளைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். 150 பேருக்கு மேல் வேலை செய்தால் ஓய்வறையும் சாப்பாட்டு அறையும், 250 பேருக்கு மேல் என்றால் கேண்டீனும் வேண்டும். நின்றுகொண்டே வேலை செய்பவருக்கு, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தரச் சொல்கிறது 44ஆம் பிரிவு. கடைகளில் வேலை செய்பவருக்கு உட்காரும் உரிமை தந்து தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியபோது பெரிய செய்தியானது. தொழிற்சாலைச் சட்டத்தில் அது ஆரம்பம் முதலே இருக்கிறது, ஸ்டூல்தான் வரவில்லை.

ஒப்பந்தத் தொழிலாளர்கள், அதாவது லைனில் எல்லோரும் சி.எல். என்று அழைப்பவர்கள், தங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்றே நினைக்கிறார்கள். பொருந்தும். கான்ட்ராக்டர் மூலம் வந்தாலும் தொழிற்சாலைச் சட்டத்தின்படி அவர் தொழிலாளிதான். அரை மணி நேரம் அவருக்கும் உண்டு. அப்ரண்டிஸ் நிலை கொஞ்சம் சிக்கல்: கழிப்பறை, குடிநீர், கேண்டீன் போன்ற சுகாதார, நலப் பிரிவுகள் அவருக்குப் பொருந்தும், வேலை நேரம் அப்ரண்டிஸ் சட்டத்தின் வழியே தனியாக முடிவாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்துக்குப் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் குறித்த தொகுப்பு வருகிறது. இடைவேளை எத்தனை நிமிடம் என்பதை அந்தத் தொகுப்பு தன் உடலில் எழுதவில்லை. உரிய அரசு அறிவிக்கும் என்று விட்டுவிட்டது. நாளுக்கு 8 மணி நேரம், ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம், ஓ.டி.க்குத் தொழிலாளியின் சம்மதம் ஆகியவை அதில் உண்டு. மாறும் காலத்தில் பழைய சட்டங்களின் விதிகள் தொடரும் என்றும் அரசு சொன்னது. ஆகவே மனு எழுதும் நாளில் எந்தப் பிரிவு, எந்த விதி செல்லுபடி என்று சங்க வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. இந்த அத்தியாயத்தில் பழைய பிரிவு எண்களைச் சொல்வதற்குக் காரணம், இப்போது கையில் இருக்கும் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை அந்த எண்களில்தான் பேசுகின்றன.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது

இடைவேளையை ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே ஒன்றிய அளவிலான சட்டம் எதுவும் வயதுவந்த தொழிலாளிக்குச் சாப்பாட்டு இடைவேளை கட்டாயம் என்று சொல்வதில்லை. 1938இல் வந்த நியாயத் தொழில் தரச் சட்டத்தின்படி, முதலாளி 20 நிமிடத்துக்குள் குட்டி இடைவேளை விட்டால் அதற்குச் சம்பளம் உண்டு. விட்டே ஆக வேண்டும் என்பதில்லை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தனியாகச் சட்டம் வைத்திருக்கின்றன. மற்ற இடங்களில் சங்கம் போடும் ஒப்பந்தம்தான் கதி. அதனால் அங்கே இடைவேளை ஷரத்து நிமிடக் கணக்கில் எழுதப்படுகிறது. நம்மூரில் சட்டம் அரை மணியைக் கொடுத்துவிட்டதாலோ என்னவோ, ஒப்பந்தத்தில் சம்பளத்துக்கு ஆறு பக்கம், இடைவேளைக்கு ஒற்றை வரி. அந்த வரியும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "இடைவேளைகள் தற்போது நடைமுறையில் உள்ளபடி தொடரும்."

நடைமுறை என்ன என்று யார் சொல்வது? நிர்வாகம் சொல்வதுதான் நடைமுறை. இந்த ஒரு வரியால் கைவிட்டுப் போன டீ நேரங்கள் அதிகம்.

அதற்குப் பதில் எழுதவேண்டிய வாசகம் மாதிரிக்கு: "சாப்பாட்டு இடைவேளை, கன்வேயர் நிறுத்தப்படும் நேரத்திலிருந்து மீண்டும் இயக்கப்படும் நேரம் வரை 40 நிமிடம். பாதுகாப்பு உடைகளைக் கழற்றவும் அணியவும் ஆகும் நேரம் இதில் சேராது." நாற்பது கிடைக்குமா, முப்பத்தைந்தில் முடியுமா என்பது பேரம். ஆனால் தொடக்கமும் முடிவும் எழுத்தில் இருந்தால் அடுத்த மூன்று வருடம் அதைப் பற்றி யாரும் வாய்ச்சண்டை போட வேண்டியதில்லை. ரிலீவருக்கும் இதே முறைதான். "தேவைக்கேற்ப ரிலீவர் வழங்கப்படும்" என்பது காற்று. எத்தனை பேருக்கு ஒருவர், கூப்பிட்டு எத்தனை நிமிடத்துக்குள் வரவேண்டும், வராவிட்டால் தொழிலாளி என்ன செய்யலாம் என்ற மூன்றும் இருந்தால்தான் அது ஷரத்து.

அதைவிட ஆபத்தான வரி ஒன்று உண்டு. "உற்பத்தித் தேவையைக் கருதி ஷிப்ட் நேரத்தையும் இடைவேளையையும் மாற்றியமைக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு." கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் தொழில் தகராறு சட்டத்தின் 9-ஏ பிரிவு என்ன சொல்கிறது? அதன் நான்காம் அட்டவணையில் உள்ள விஷயங்களைத் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்றுவதென்றால் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அந்த அட்டவணையின் நான்காவது அம்சமே "வேலை நேரமும் ஓய்வு இடைவேளைகளும்"தான். புதிய தொழில் உறவுகள் தொகுப்பிலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. ஆனால் ஒப்பந்தப்படி செய்யும் மாற்றத்துக்கு இந்த முன்னறிவிப்பு தேவையில்லை என்ற விலக்கும் பழைய சட்டத்திலேயே உண்டு. அதாவது அந்த நல்ல பிள்ளை வரியில் கையெழுத்துப் போட்டால், சட்டம் கொடுத்த 21 நாள் கேடயத்தைச் சங்கமே கழற்றிக் கொடுத்ததாக நிர்வாகம் வாதிட இடம் கிடைத்துவிடும்.

ஒப்பந்தம் எந்த வகை என்பதையும் முதல் பக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும். சமரச அதிகாரி முன்னிலையில் போட்டால் அது தொழில் தகராறு சட்டத்தின் 12(3) ஒப்பந்தம். சங்கத்தில் இருப்பவர், இல்லாதவர், நாளைக்கு வேலைக்குச் சேர்பவர் எல்லோரையும் அது கட்டுப்படுத்தும். நிர்வாகமும் சங்கமும் தமக்குள் போட்டுக்கொண்டால் 18(1). கையெழுத்துப் போட்டவர்களைத்தான் கட்டுப்படுத்தும். இரண்டாவது சங்கம் இருக்கும் இடங்களில் இந்த வித்தியாசம் தெரியாமல் பலர் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். காலம் முடிந்த ஒப்பந்தம் தானாகச் செத்துவிடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முறித்துக்கொள்வதாக எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் ஆகும்வரை அது உயிரோடுதான் இருக்கிறது. "அக்ரிமென்ட் முடிஞ்சுபோச்சு, இனி டீ பிரேக் கிடையாது" என்று யாராவது சொன்னால் பதில் இதுதான்.

விற்கப்படும் நிமிடங்கள்

தொழிலாளரின் கோபம் பாதி நிர்வாகத்தின் மீது என்றால் பாதி சொந்தச் சங்கத்தின் மீது. "சம்பளத்துக்குப் பேசுறாங்க, டீக்கு யாரும் பேச மாட்டேங்குறாங்க" என்பது வாயிற்கூட்டம் முடிந்து கலையும்போது கேட்கும் பேச்சு. அதில் நியாயம் இருக்கிறது. மூன்று வருட ஒப்பந்தப் பேச்சின் கடைசி நாளில், இரவு பத்து மணிக்கு, இன்னும் 300 ரூபாய் ஏற்றித் தருகிறோம், டீ நேரத்தை ஐந்தைந்து நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நிர்வாகம் சொல்லும். ரூபாய் கண்ணுக்குத் தெரியும், நிமிடம் தெரியாது.

கணக்குப் போட்டால் தெரியும். நாளுக்கு 10 நிமிடம், வருடத்துக்கு 300 வேலை நாள் என்றால் 3,000 நிமிடம். 50 மணி நேரம். ஆறு ஷிப்டுக்கு மேல். மூன்று வருட ஒப்பந்தத்தில் பதினெட்டு ஷிப்ட் இலவசமாகப் போகிறது. பேச்சுவார்த்தைக்குப் போகும் கமிட்டி இந்தக் கணக்கை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் இரவு பத்து மணி மயக்கம் கொஞ்சம் தெளியும்.

டார்கெட் எப்படிப் போடப்பட்டது என்றும் கேட்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் எடுக்கும் இன்ஜினியர், எடுத்த நேரத்தை அப்படியே டார்கெட் ஆக்குவதில்லை. அதன்மேல் ஓய்வுப்படி என்று ஒரு சதவீதம் சேர்க்கிறார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட வேலை ஆய்வுப் பாடநூலின் அட்டவணையில், சொந்தத் தேவைக்கு ஆணுக்கு 5, பெண்ணுக்கு 7 சதவீதமும், அடிப்படைக் களைப்புக்கு இருவருக்கும் 4 சதவீதமும் காட்டப்பட்டிருக்கிறது. நிற்பது, வெப்பம், சத்தம் இவற்றுக்குத் தனி. 480 நிமிட ஷிப்டில் அடிப்படைப் படி மட்டுமே ஆணுக்குச் சுமார் 40 நிமிடம், பெண்ணுக்கு 48 நிமிடம் ஆகிறது. எனவே "நீங்க பாத்ரூம் போனா டார்கெட் போகும்" என்று சொல்லும் கம்பெனியிடம், டார்கெட்டில் எத்தனை சதவீதம் ஓய்வுப்படி சேர்த்தீர்கள் என்று எழுத்தில் கேட்கலாம். சேர்த்திருந்தால் அந்த நேரம் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. சேர்க்கவில்லை என்றால் டார்கெட் தவறு.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு இந்த வாதம் இன்னும் கசப்பானது. அங்கே இடைவேளையை யாரும் பிடுங்க வேண்டியதில்லை. எழுந்தால் காசு போகும் என்று அவரே உட்கார்ந்திருப்பார். ஒன்றரை ஷிப்ட் ஓட்டும் சீசனில் அதுதான் வாடிக்கை.

கேட்கும் முறை

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27இல் பெரம்பூரில் பிறந்தது. பின்னி ஆலைத் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்க, அதன் நிறுவனர்களில் ஒருவரான பி.பி. வாடியா அங்கே போனபோது அவர் காதில் விழுந்த முதல் முறையீடுகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. நூறு வருடம் கழித்தும் அதே புகார்தான். வாடியா அதைக் கூட்டங்களில் எடுத்துப் பேசினார் என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும்.

முதல் வேலை பதிவு. இரண்டு வாரம், ஒரு நோட்டில், தேதி, ஷிப்ட், பெல் அடித்த நேரம், கேண்டீன் கார்டு தட்டிய நேரம், லைன் மீண்டும் ஓடிய நேரம். ரிலீவரைக் கேட்டது எப்போது, வந்தது எப்போது. ஐந்தாறு பேர் தனித்தனியாக எழுதினால் அதற்கு எடை வேறு. கேண்டீன் கார்டின் பதிவு நிர்வாகத்தின் கணினியிலேயே இருக்கிறது. அவர்களால் மறுக்க முடியாது. போனில் வீடியோ எடுக்கும் ஆசை வேண்டாம். பல ஆலைகளில் போன் கொண்டுபோவதே தப்பு, மெமோ கையில் வந்துவிடும்.

பிறகு குறைதீர்க் குழு. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் அது கட்டாயம். பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கும். இருந்தாலும் அதில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குவது பின்னால் உதவும். அங்கே நகரவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளர். புகார் கொடுத்தவர் யார் என்பதை ஆய்வாளர் ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 118-ஏ பிரிவு அவரைக் கட்டுப்படுத்துகிறது. பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கலாம். ஒப்பந்த மீறல் என்றால் ஆய்வாளரிடம் போய்ப் பயனில்லை. அது தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் போகவேண்டிய விஷயம். இந்த இரண்டு அலுவலகத்தையும் மாற்றிப் போட்டுக்கொண்டு ஆறு மாதம் அலைந்தவர்கள் உண்டு.

செய்யக்கூடாதது ஒன்று. ஆத்திரத்தில் லைனோடு எழுந்து வெளியே போய் உட்கார்ந்துவிடுவது. முன்னறிவிப்பு இல்லாமல் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வேலையை நிறுத்தினால் 8 நாள் சம்பளம் வரை பிடிக்கச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் இடம் தருகிறது. ஊதியத் தொகுப்பும் தருகிறது. புதிய தொழில் உறவுகள் தொகுப்பில் பாதிப் பேர் ஒரே நாளில் கேஷுவல் லீவ் போட்டாலும் அது வேலைநிறுத்தம்தான், 14 நாள் நோட்டீஸ் வேண்டும். பத்து நிமிட டீக்காக எட்டு நாள் சம்பளத்தை இழக்க வேண்டியதில்லை.

கேட்பதற்குச் சங்கம் இருந்தாக வேண்டும், அந்தச் சங்கத்தோடு நிர்வாகம் பேசவும் வேண்டும். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தின் மையமே அங்கீகாரம்தான். சங்கத்தின் பதிவு 2025 ஜனவரியில்தான் கைக்கு வந்தது, அதுவும் உயர் நீதிமன்றம் வரை போன பிறகு. தொழில் உறவுகள் தொகுப்பில் 51 சதவீதமோ அதற்கு மேலோ உறுப்பினர் உள்ள சங்கம் ஒரே பேரச் சங்கம். அப்படி எதுவும் இல்லையென்றால் 20 சதவீதத்துக்குக் குறையாத சங்கங்கள் பேரக் குழுவில் உட்காரும். இனி உறுப்பினர் பட்டியலைச் சுத்தமாக வைத்திருக்கும் சங்கத்துக்குத்தான் மேசையில் நாற்காலி.

12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21இல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளும் சங்கங்களும் எதிர்த்ததில் மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது; மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். நிமிடங்களைப் பற்றிச் சேர்ந்து பேசினால் கேட்க ஆள் இருக்கிறது என்பதற்கு இது அண்மைச் சான்று.

உங்கள் கம்பெனி ஒப்பந்தத்தின் நகல் உங்களிடம் இல்லையென்றால் முதலில் சங்கத்திடம் கேளுங்கள். தரவில்லையா, 12(3) ஒப்பந்தம் என்றால் தொழிலாளர் அலுவலகத்தில் பிரதி இருக்கும். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடலாம். அடுத்த ஒப்பந்தப் பேச்சு தொடங்குமுன், கமிட்டிக்காரர் ஒருவர் சாப்பாட்டு பெல் அடித்ததும் லைனிலிருந்து கேண்டீனுக்குக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய், சாப்பிட்டுத் திரும்பட்டும். அவர் எழுதி வரும் எண்தான் கோரிக்கைப் பட்டியலின் முதல் வரி.